கேள்வியைத் திருத்தும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்சிகளையும் நேரடி ஜனநாயகத்தையும் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை ஊன்றிப் படித்தேன். கட்டுரையாளர் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். புரட்சிகள் எல்லாமே கடைசியில் ஒரு சர்வாதிகாரியின் கையில்தான் போய் விழுந்தன, அதனால் அவற்றிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது ஒன்று. எல்லார் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது, இனி ஒவ்வொரு சட்டத்துக்கும் மக்கள் அனைவரும் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று அழுத்திவிடலாம், அதுதான் உண்மையான நேரடி ஜனநாயகம் என்பது மற்றொன்று. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நான் பேராசிரியர் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் தொழிற்சங்கக் கிளை ஒன்றின் செயலாளராக இருந்தவள். கூட்ட அறிவிப்பு எழுதுவது, அஜெண்டா தயாரிப்பது, கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இருக்கிறதா என்று தலை எண்ணுவது, மினிட்ஸ் புத்தகத்தில் ஒவ்வொருவர் பேச்சையும் பதிவு செய்வது எல்லாம் என் வேலை. அரசியல் தத்துவத்தை அப்புறம்தான் படித்தேன். மினிட்ஸ் எழுதிய கையோடு படித்ததால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஒரே ஒரு கேள்விதான்: தீர்மானத்தின் வாசகத்தை எழுதுவது யார், கூட்டத்தில் இருப்பவர் அதைத் திருத்த முடியுமா?

கைப்பேசி வாக்கெடுப்பில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வாசகம் மேலிருந்து வருகிறது. குடிமகனுக்கு மிஞ்சுவது இரண்டு பொத்தான்கள். இரண்டுமே தனக்கு ஒத்துவரவில்லை என்றால், "இந்த வரியை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதுங்கள்" என்று அவர் யாரிடம் சொல்வார்?

இதற்கு நேர் எதிரான ஒன்று சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் நடந்தது. அங்கே ஆண்டுதோறும் மே மாதம் வாக்காளர்கள் திறந்தவெளிச் சதுக்கத்தில் கூடி, கையை உயர்த்திச் சட்டங்களை முடிவு செய்கிறார்கள். வாக்குரிமை உள்ள எவரும் மேடையேறிப் பேசலாம், திருத்தம் முன்மொழியலாம். 2006இல் மாநில அரசு ஒரு திட்டத்தோடு வந்தது: 25 ஊராட்சிகளை இணைத்து 10 ஆக்குவது. அதற்கே எதிர்ப்பு வரும் என்று அரசு தயங்கிக்கொண்டிருந்தது. சாதாரண வாக்காளர் ஒருவர் எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி கேட்டார்கள், அப்போதும் அதே முடிவு. 2011 முதல் கிளாருஸில் மூன்று ஊராட்சிகள்தான். அந்த முடிவு நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. அரசு மூன்று என்ற எண்ணை நினைத்தே பார்க்கவில்லை. 10 ஊராட்சிகள் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கைப்பேசியில் கேட்டிருந்தால் அந்த எண் கடைசிவரை வெளியே வந்திருக்காது.

மக்களிடம் கேள்வி கேட்பதையே சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு சாட்சி வைத்திருக்கிறது. பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியன் 1851 டிசம்பர் 2ஆம் தேதி பிரெஞ்சு நாடாளுமன்றத்தைப் படைபலத்தால் கலைத்தார். அதே மாதம் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆம் என்றார்கள். பத்திரிகைகள் அடக்கப்பட்டிருந்தன, எதிர்த்தவர்கள் சிறையில் இருந்தார்கள், வாசகத்தை எழுதியவர் அவர். மறு ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பு, அதில் அவர் பேரரசர் ஆகிவிட்டார். 1934 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஹிட்லரும் குடியரசுத் தலைவர் பதவியையும் பிரதமர் பதவியையும் தன் கையில் சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு மக்களிடம் ஆம் கேட்டு வாங்கினார். இவர்கள் இருவருக்கும் மக்களின் வாக்கு தேவைப்பட்டது. மக்கள் ஓரிடத்தில் கூடி வாயைத் திறப்பதுதான் அவர்களுக்கு ஆகவில்லை.

இனி புரட்சிகளுக்கு வருகிறேன். கட்டுரையாளர் அவற்றைத் தலைவர்களின் கதையாக மட்டும் பார்க்கிறார். பிரான்சின் ரொபெஸ்பியர், ரஷ்யாவின் லெனின் என்று பெயர்கள் வருகின்றன, கடைசியில் தலைவெட்டும் கில்லட்டினும் சிறை முகாமும். அது நடந்த கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே புரட்சிகளுக்குள் இன்னொன்றும் நடந்தது. யாரும் திட்டம் போடாமல், எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையிலும் இல்லாமல், சாதாரண ஜனங்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் மன்றங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். நாட்டுக்கு நாடு, தலைமுறைக்குத் தலைமுறை இது திரும்பத் திரும்ப முளைத்தது. 1963இல் புரட்சியைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இதைத்தான் புரட்சி மரபின் தொலைந்துபோன செல்வம் என்றார். சுதந்திரம் என்பது நம்மை யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவது மட்டும் இல்லை, பொதுக் காரியங்களில் மற்றவர்களோடு சேர்ந்து பங்கெடுப்பது என்று அவர் விளக்கியபோது, என் மினிட்ஸ் புத்தகத்துக்கு ஒரு பெயர் கிடைத்த மாதிரி இருந்தது.

பாரிஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1790இல் நகரத்தை 48 பிரிவுகளாகப் பிரித்தார்கள். பிரித்தது தேர்தல் வசதிக்காக மட்டும்தான். தேர்தல் முடிந்ததும் கலைந்து போக வேண்டியவர்கள் போகவில்லை, தொடர்ந்து கூடினார்கள். 1792 கோடையில் தினமும் கூடும் உரிமையையும் பெற்றார்கள். அதுவரை வரி கட்டும் அளவு வசதி இல்லாததால் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த ஆண்களைப் பல பிரிவுகள் தாங்களாகவே உள்ளே அழைத்துக்கொண்டன. ரொட்டி விலை, காவல் படை, அண்டை வீட்டுச் சண்டை, அரசன் இருக்கலாமா கூடாதா என்பது வரை எல்லாம் அங்கே பேசப்பட்டது.

அப்புறம் 1793 செப்டம்பர் வந்தது. புரட்சியின் சொந்த நாடாளுமன்றமான தேசியக் கன்வென்ஷன், இனி வாரத்துக்கு இரண்டு கூட்டங்கள் மட்டும் என்று ஆணையிட்டது. அன்றாடக் கூலியில் வாழ்பவர் கூட்டத்துக்கு வந்தால் 40 சூ (அன்றைய பிரெஞ்சுக் காசு) தரப்படும் என்று அதோடு சேர்த்தே அறிவித்தது. இந்த ஆணையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பாதி நல்லது, பாதி விஷம். ஏழைக்குக் கூலி கொடுத்தால்தான் அவன் கூட்டத்துக்கு வர முடியும் என்பது உண்மை. ஆதென்ஸ் நகரத்தார் கி.மு. நான்காம் நூற்றாண்டில் மக்கள் மன்றத்துக்கு வருவோருக்குப் படி கொடுக்கத் தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் பாரிஸில் படியைக் கொடுத்த அதே கையால் கூட்டத்தை வெட்டினார்கள். வந்து உட்காருவதற்குக் கூலி, வந்தபின் முடிவு செய்வதற்கோ நாள் இல்லை. இதை அவமதிப்பு என்று எதிர்த்த பிரிவுகள் இருந்தன. எதிர்ப்புக்கு முன்னால் நின்ற ழான் வார்லே கைது செய்யப்பட்டார். கெடுபிடியைச் சமாளிக்க மக்கள் சங்கங்கள் அமைத்தார்கள், 1794 வசந்தத்தில் அவற்றையும் கலைக்க வைத்தார்கள். புரட்சி உறைந்துவிட்டது என்று ரொபெஸ்பியரின் கூட்டாளி சேன்-ஜூஸ்ட் குறித்து வைத்தது அந்தக் காலத்தில்தான். அதே ஆண்டு ஜூலையில், கன்வென்ஷன் கைது செய்த ரொபெஸ்பியரைக் காப்பாற்ற நகராட்சி ஆட்களைக் கூப்பிட்டபோது பெரும்பாலான பிரிவுகள் வரவில்லை, வந்தவர்களும் இரவோடு இரவாகக் கலைந்தார்கள். பேச விடாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஆகவே கட்டுரையாளரிடம் நான் சொல்ல விரும்புவது இது. புரட்சி சர்வாதிகாரத்தில் முடிந்தது என்று எழுதும்போது, நடுவில் என்ன அழிக்கப்பட்டது, யார் அழித்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். மக்கள் கூடிக்கொண்டே இருந்ததால் கில்லட்டின் வந்ததாகச் சொல்வது சரியில்லை. அந்தக் கூட்டங்களிலும் வெறி இருந்தது, கொலைக்குத் தூண்டுதல் இருந்தது, அதை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் கூட்டங்கள் சுருங்கச் சுருங்க கில்லட்டினின் வேகம் கூடியது என்பதும் தேதிகளைப் பார்த்தாலே தெரியும்.

ரஷ்யாவிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1905இல் வேலைநிறுத்தங்களிலிருந்து சோவியத்துகள் பிறந்தன. அந்தச் சொல்லை ஒரு அரசின் பெயராகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். முதலில் அது தொழிற்சாலைப் பிரதிநிதிகளின் மன்றம். பிரதிநிதி சரியில்லை என்றால் அனுப்பியவர்களே திருப்பி அழைத்துக்கொள்ளலாம். 1917இல் அவை நாடெங்கும் பரவின. நான்கே ஆண்டுகளில், 1921 பிப்ரவரி 28 அன்று, கிரோன்ஸ்டாட் துறைமுகத்தின் கடற்படை வீரர்கள் 15 கோரிக்கைகளை எழுத வேண்டியிருந்தது. முதல் கோரிக்கை: இன்றைய சோவியத்துகள் தொழிலாளர்கள், விவசாயிகளின் விருப்பத்தைக் காட்டவில்லை, ரகசிய வாக்கெடுப்பின் மூலம் உடனே மறுதேர்தல் நடத்துங்கள். சோவியத்தின் பெயரால் ஆண்டவர்கள், சோவியத்தைத் திருப்பித் தரச் சொன்னவர்கள் மீது உறைந்த கடலின் மேல் படையை நடத்தினார்கள். மார்ச் 18 அன்று கோட்டை விழுந்தது. 1871இல் பாரிஸ் மக்கள் தாங்களே நகரை ஆண்ட பாரிஸ் கம்யூன் தொடங்கிய நாளின் 50ஆம் ஆண்டு நிறைவு அன்றுதான். இதையெல்லாம் முன்கூட்டியே கண்டவர் ஜெர்மனியின் சோஷலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க். 1918இல் சிறையிலிருந்தபடி, ரஷ்யப் புரட்சியை ஆதரித்துக்கொண்டே, சுதந்திரம் என்பது எப்போதும் மாற்றுக் கருத்து கொண்டவரின் சுதந்திரம்தான் என்று எழுதினார்.

ஹங்கேரியை விட்டுவிட மனம் வரவில்லை. 1956 நவம்பர் 4 அன்று, மக்கள் எழுச்சியை அடக்க வந்த சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டைப் பிடித்தன. எல்லாம் முடிந்தது என்று உலகம் நினைத்தது. பத்து நாள் கழித்து, நவம்பர் 14 அன்று, தொழிற்சாலை மன்றங்களின் பிரதிநிதிகள் கூடித் தலைநகருக்கான மத்தியத் தொழிலாளர் மன்றத்தை அமைத்தார்கள். டாங்கி தெருவில் நிற்கும்போதே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, தீர்மானம் எழுதி, அரசோடு பேச்சுவார்த்தையும் நடத்தினார்கள். அதன் தலைவரான ஷாந்தோர் ராட்ஸுக்கு வயது 23. நாடு தழுவிய மன்றம் அமைக்கக் கூட இருந்த அரங்கை டாங்கிகள் மறித்தன. டிசம்பரில் மன்றம் தடை செய்யப்பட்டது. பேச வாருங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு அழைத்து அங்கேயே ராட்ஸைக் கைது செய்தார்கள். கட்டுரையாளர் சொல்வது போலப் புரட்சியில் மக்கள் வெறும் கும்பலாகத்தான் இருப்பார்கள் என்றால், இந்த ஒரு மாதத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

தொழிற்சங்கக்காரியாக என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது போலந்து. 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். அரசுத் தூதுக்குழுவோடு நடந்த பேச்சுவார்த்தை தளத்தின் ஒலிபெருக்கிகளில் நேரடியாகக் கேட்க வேண்டும் என்று தொழிலாளர்கள் பிடிவாதமாக நின்றார்கள், அப்படியே நடந்தது. வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்கள், துணைப் பிரதமர் என்ன சொல்கிறார், தங்கள் ஆட்கள் என்ன பதில் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார்கள். மற்றத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் கேசட்டில் பதிவு செய்து தங்கள் ஆட்களிடம் எடுத்துப் போனார்கள். பேச்சுவார்த்தை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துவது என்றே பழகிய எனக்கு, இதைப் படித்தபோது வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. நாங்களும் பேச்சுவார்த்தைக்குப் போவோம், நான்கு பேர் உள்ளே, மற்ற எல்லாரும் வெளியே. திரும்பி வந்து நாங்கள் சொல்வதுதான் அவர்களுக்குச் செய்தி. அங்கே சொல் நடுவில் யார் வாயிலும் திரியாமல் போய்ச் சேர்ந்தது. அந்த வேலைநிறுத்தம் ஆகஸ்ட் 16 அன்றே முடிந்திருக்க வேண்டியது. தளத்துக்குச் சம்பள உயர்வு கிடைத்தது, ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சிறிய தொழிற்சாலைகளைக் கைவிட்டுப் போகாதீர்கள் என்று வாசலில் நின்று அவர்களைத் தடுத்தவர்கள் அலினா பியென்கோவ்ஸ்கா, அன்னா வாலென்டினோவிச் போன்ற பெண்கள். அதற்குப் பிறகுதான் 21 கோரிக்கைகள் வந்தன, ஆகஸ்ட் 31 ஒப்பந்தமும் வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு அதையும் நசுக்கினார்கள் என்றாலும், ஒலிபெருக்கி வைத்த அந்த முடிவை எந்த நாட்டுத் தொழிற்சங்கமும் மறக்கக் கூடாது.

அரெண்டோடு எனக்கு ஒரு பெரிய சண்டையும் உண்டு. பசியும் வறுமையும் தெருவுக்கு வந்ததால்தான் பிரெஞ்சுப் புரட்சி திசை மாறியது, சோற்றுப் பிரச்சினையை அரசியல் மன்றத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்கிற மாதிரி அவர் வாதம் போகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. பாரிஸ் பெண்கள் 1789 அக்டோபரில் ரொட்டிக்காகத்தான் வெர்சாய்க்கு நடந்தார்கள். நடந்து போய் அரசனோடும் நாடாளுமன்றத்தோடும் நேருக்கு நேர் நின்றபோது அவர்கள் குடிமக்கள் ஆனார்கள். சங்கத்துக்கு முதல்முறை வருபவர் யாரும் சுதந்திரத் தத்துவம் தேடி வருவதில்லை. ஓவர்டைம் பாக்கி, விடுப்பு மறுப்பு, பிடித்தம் என்று ஏதோ ஒரு குறையோடு வருவார். தன் குறையைச் சொல்ல எழுந்தவர், போகப் போக அடுத்தவர் குறைக்கும் சேர்த்துப் பேசத் தொடங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயிற்றுப் பிரச்சினைதான் அவரை அந்த அறைக்குள் கொண்டுவந்தது. அதை வெளியே விட்டுவிட்டு வா என்றால் அவரும் வெளியேதான் நிற்பார். இரவு ஷிப்ட் முடித்தவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஏற்ற நேரத்தில் கூட்டம் வைக்காத மன்றம், யாரையும் தடுக்காமலே பாதிப் பேரைத் தடுத்துவிடுகிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது, ஏனென்றால் நேரடி ஜனநாயகத்தைப் புகழ்பவர்கள் பலர் இதை ஓடியே தாண்டுகிறார்கள். ஆதென்ஸில் "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று முரசறைவோன் கேட்பான். எந்தக் குடிமகனும் எழலாம். பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் எழ முடியாது. பாரிஸில் புரட்சிகரக் குடியரசுப் பெண்கள் சங்கம் தொடங்கி அரை வருடம்கூட ஆகவில்லை, 1793 அக்டோபர் 30 அன்று பெண்கள் சங்கங்கள் அனைத்துக்கும் தடை வந்தது. நான் மேலே புகழ்ந்த சுவிஸ் நாட்டிலோ, தேசிய அளவில் பெண்களுக்கு வாக்கு 1971இல்தான். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990 ஏப்ரலிலும் ஆண்கள் சதுக்கத்தில் கூடி, கையை உயர்த்தி, பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கதவைத் திறந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: எவ்வளவு நல்ல மன்றமும் தன் வாசலில் யாரை விடுவது என்பதைத் தானே முடிவு செய்யக் கூடாது. அதற்கு மேலே எழுதி வைத்த சட்டம் வேண்டும், கேட்க நீதிமன்றம் வேண்டும். நேரடி ஜனநாயகம் வந்தால் அரசியலமைப்புச் சட்டம் தேவையில்லை என்று சில இளைஞர்கள் பேசுகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை மதிக்கிறேன். அப்பென்செலின் பெண்களைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

சரி, கோடிக்கணக்கான மக்கள் எந்தச் சதுக்கத்தில் கூடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் 1816இல் தம் கடிதங்களில் இதற்கு ஒரு பதில் வைத்தார்: மாவட்டங்களைச் சிறு சிறு வார்டுகளாகப் பிரியுங்கள், எல்லாக் குடிமகனும் தன் காலில் நடந்து வந்து பேசும் அளவுக்கு. எதிரி நகரமான கார்த்தேஜை அழித்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு உரையையும் பண்டைய ரோமின் அரசியல்வாதி கேட்டோ முடித்தது போல, தானும் ஒவ்வொரு கருத்தையும் "மாவட்டங்களை வார்டுகளாகப் பிரியுங்கள்" என்று முடிப்பதாக எழுதினார். அடிமைகளை வைத்திருந்தவர் இதை எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அவருடைய வார்டில் அந்த அடிமைகளுக்கு இருக்கை இல்லை. அவர் கண்ட ஒன்று மட்டும் சரி: அமெரிக்க அரசியலமைப்பு, புரட்சியை நடத்திய ஊர்க் கூட்டங்களுக்குத் தன் பக்கங்களில் ஓர் இடமும் தரவில்லை.

இன்னொரு வழி குலுக்கல். ஆதென்ஸின் மக்கள் மன்றத்துக்கு அஜெண்டா தயாரித்தது 500 பேர் கொண்ட அவை. அவர்கள் குலுக்கலில் வந்தவர்கள், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அதில் இருக்க முடியாது. இதே யோசனையை அயர்லாந்து நம் காலத்தில் செய்து பார்த்தது. குலுக்கல் முறையில் எடுத்த 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்ட அவை 2016இல் தொடங்கி வார இறுதிகளில் கூடியது. கருக்கலைப்புத் தடை போன்ற, அரசியல் கட்சிகள் தொடவே அஞ்சிய ஒரு விஷயத்தை எடுத்து, மருத்துவர்களையும் சட்டம் தெரிந்தவர்களையும் பாதிக்கப்பட்ட பெண்களையும் கேட்டு, மேசை மேசையாக உட்கார்ந்து பேசிப் பரிந்துரை எழுதியது. பிறகுதான் அது நாடாளுமன்றக் குழுவுக்கும், 2018 மே மாதம் மக்கள் வாக்கெடுப்புக்கும் போனது. 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க ஆம் என்றார்கள். இங்கேயும் கடைசியில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்தான். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு முன்னால் சாதாரண மனிதர்கள் மாதக்கணக்கில் பேசியிருந்தார்கள். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குலுக்கலில் பெயர் வராதவருக்கு அந்த அறையில் இடம் இல்லையே, வார்டு மன்றத்துக்கு அது ஈடாகாது. இருந்தாலும் பொத்தானைவிட எவ்வளவோ மேல்.

கட்டுரையாளரிடம் எனக்கு மூன்று கேள்விகள் உள்ளன. அவர் சொல்லும் கைப்பேசி வாக்கெடுப்பில் வாசகத்தை எழுதும் பொறுப்பு யாருடையது? அதில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று நினைக்கும் குடிமகள் எங்கே போய், யார் முன்னால் எழுந்து நின்று சொல்வாள்? தோற்றவர்கள் அடுத்த மாதம் அதே பிரச்சினையை மறுபடி எழுப்ப வழி உண்டா? அவர் பதில் எழுதினால் தயவுசெய்து முழுமையாக வெளியிடுங்கள், நீளம் கருதி வெட்ட வேண்டாம். என் கடிதத்தில் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், பாரிஸ் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
முன்னாள் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்